நாய் இல்லாத கடிதம்

ஏப்ரல் 20, ஞாயிறு

என் அருமை வக்கீலம்மாவுக்கு,

மலை உச்சியிலிருந்து உன் தாய்மாமா எழுதுவது. உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது. இருமல்கூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறது. நீ சௌக்கியமா? அக்காவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் இன்னும் முகம் சுளிக்கிறதா? நான் கொடுத்த தைலத்தை விடாமல் தடவச் சொல். அது ராஜ பரம்பரைக்கு மட்டும் காய்ச்சுகிற தைலம். எனக்காக ஒருத்தர் ஒளித்து எடுத்துக் கொடுத்தார்.

உன் மாமா இப்போது சாதாரண ஆள் இல்லை. இந்தக் கோடைக்கால முகாமின் சாகசத் துறைத் தலைவர். பேருந்தை விட்டு இறங்கியதும் மேலாளர் ஓடிவந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "உங்கள மாதிரி ஒருத்தரத்தான் வருஷக்கணக்கா தேடிக்கிட்டு இருந்தோம்" என்றார். வழியில் ஒரு கூத்து வேறு. பேருந்துக்குக் குறுக்கே ஒரு நாய் வந்துவிட்டது. ஓட்டுநர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார். நான் கடைசி சீட்டிலிருந்து பாய்ந்து போய் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு ஒடி ஒடித்தேன். நாயும் பிழைத்தது, பேருந்தும் பிழைத்தது. அந்த நாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது என்பது உனக்குத் தெரியும்.

இங்கே ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. பிள்ளைகள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் தொங்குகிற மணியை அடிக்க வேண்டும். கயிற்றுப் பாலம் உண்டு. கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுவதும் உண்டு. முகாமைச் சுற்றி ஆள் உயர வேலி. நாய், நரி, பூனை எதுவும் நுழைய முடியாது. அதை இழுத்துக் கட்டியதே நான்தான். எனக்குக் கீழே சுருட்டைமுடிக்காரப் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். எல்லாரும் சுருட்டை என்றே கூப்பிடுகிறோம். அவள் கயிறு பிடிக்கிறவள்.

கைபேசியை வாசலிலேயே பையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். பெரியவர்கள் எழுதினால்தான் சின்னதுகள் எழுதும் என்று எங்களையும் அதே மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒன்று உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் கடைசி என்பதால் நத்தை என்று பேர் வைத்திருக்கிறார்கள். "யாருக்கு மாமா எழுதுறீங்க?" என்கிறது. "ஒரு வக்கீலுக்கு" என்றேன். "நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?" என்று கேட்கிறது. உன் வாரிசு.

இப்படிக்கு,
சாகசத் துறைத் தலைவர்,
மாமா


ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பேருந்து கட்டத்தில் முழங்காலைத் தட்டிச் சிரித்துவிட்டு, வலிக்கிறது என்று உங்களைத்தான் திட்டினாள். தைலம் தீர்ந்துவிட்டது. பெட்டிக்கடையில் அதே புட்டி கிடைக்கிறது; ராஜ பரம்பரை பெருத்துவிட்டது போலிருக்கிறது.

வக்கீலம்மா என்று நீங்கள் பட்டம் கொடுத்தாலும், எனக்கு வேலை எப்போதும்போல லிஃப்ட் கம்பெனியில்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்கினால் மணி என் மேஜையில் அடிக்கிறது. நேற்று ஒரு பெரியவர், "எம்மா, உள்ள காத்து தீந்துடுமா?" என்று கேட்டார். "தீராது, மேலே கம்பி வலை இருக்கு, நிமிர்ந்து பாருங்க" என்றேன். பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

மாமா, ஒன்று சொல்லட்டுமா? சின்ன வயதிலிருந்து கவனித்து வருகிறேன். நீங்கள் நிஜத்தைச் சொல்லும்போது மனிதர்கள் மட்டும் வருவார்கள். புளுகும்போது எங்கிருந்தோ ஒரு நாய் வந்துவிடும். பேருந்தை நீங்கள் ஓட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் வேலை அங்கே உண்மையில் என்ன?

கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கி வண்ணம் அடித்தவர் நீங்கள். கயிறு உங்களுக்குத் தெரியும். அது போதாதா?

அன்புடன்,
வக்கீலம்மா


மே 4, ஞாயிறு

குறுக்கு விசாரணைக்காரிக்கு,

மாமாவின் ஆசி. தேகம் நலம். பசிதான் அடங்க மாட்டேன் என்கிறது. சமையற்காரர் என்னைப் பார்த்ததும் அண்டாவை மூடிவிடுகிறார். அக்காவுக்குப் புதுப் புட்டி வாங்கிக் கொடு. கடையில் விற்பது நகல், ஆனாலும் பாதகமில்லை.

சரி, உண்மையைச் சொல்கிறேன், பிழைத்துப் போ. தலைவர் என்று ஒரு பதவி இங்கே கிடையாது. கயிறு கட்ட உதவியாளாகத்தான் வந்தேன். ஒரு பையன் முதல் வாரமே வேலையை விட்டு ஓடிவிட்டதால் சுவருக்கு என்னை நிறுத்தினார்கள். சுருட்டைதான் என் மேலதிகாரி. ஆனால் இப்போது சொல்வது பொய்யில்லை: நான் இல்லாமல் அந்தச் சுவரில் ஒரு குழந்தை கால் வைக்க முடியாது.

எப்படி என்று கேள். ஏறுகிற பிள்ளையை நான் மூன்று இடத்தில் தொட வேண்டும். இடுப்புப் பட்டையின் பூட்டு, கயிற்றின் முடிச்சு, அந்த முடிச்சு மாட்டியிருக்கிற கொக்கியின் திருகு. கண்ணால் பார்ப்பது கணக்கில் சேராது, விரல் பட வேண்டும். சுருட்டை கயிற்றின் மறு முனையைப் பிடித்துத் தள்ளி நிற்பாள். அவளுக்கு அங்கிருந்து கொக்கி தெரியாது. நான் "சரி" என்று குரல் கொடுத்தால்தான் அவள் கயிற்றை இறுக்குவாள். வேலைக்கு வந்த அன்றே சொன்னாள்: "மாமா, உங்க வாய நம்ப மாட்டேன். உங்க விரலத்தான் நம்புவேன்." கில்லாடிப் பெண்.

நத்தை மட்டும் இன்னும் மணி அடிக்கவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். தன் முறை வந்ததும் பின்னால் போய் நின்றுகொள்ளும். வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சலிக்கக் கூடாதே என்று நான் கதை சொல்கிறேன். வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போன அன்று, தோளில் ஒரு நாயைச் சுமந்துகொண்டு ஒற்றைக் கயிற்றில் ஆற்றைக் கடந்த கதை. (தெரியும், தெரியும். நாய்தான். கதைக்கு வேண்டாமா?) அதைத் தினம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகிறேன். நத்தை வாயைப் பிளந்து கேட்கிறது. "நாய் பயப்படலயா மாமா?" என்றது. "அது என் கழுத்தில் மூச்சு விட்டதிலேயே எனக்குப் பயம் போயிடுச்சு" என்றேன். இந்தப் பெண்ணை மணி அடிக்க வைக்காமல் இந்த மலையை விட்டு இறங்குவதில்லை. எழுதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உதவியாள், ஆனாலும் மாமா


மே 11, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தைலத்தை நிறுத்திவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே கொடுத்தால் வலி குறைகிறதாம்.

நீங்கள் உதவியாள் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. தலைவராகவே இருங்கள்.

அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஏறப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் மாமா. கீழே நின்று கதை கேட்பதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டோ என்னவோ. அந்த மூன்று தொடல் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் மெக்கானிக்கும் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், "கண்ணு நேத்துப் பாத்ததயே இன்னிக்கும் பாக்கும்மா" என்பார்.

அன்புடன்,
வக்கீலம்மா


மே 18, ஞாயிறு

அன்பு மருமகளுக்கு,

நலம், நலம். இங்கே வானிலை ரொம்பப் பிரமாதம். காலையில் பனி மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. போன வாரம் மழை. கூரையில் அது போட்ட சத்தத்தில் மேலாளர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் தலையை மட்டும் ஆட்டினோம். சமையற்காரருக்குச் சளி. எனக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும். அக்காவை நன்றாகத் தூங்கச் சொல்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. புதன்கிழமை நத்தை கொஞ்சம் விழுந்துவிட்டாள். மணி அடித்தாள், அது முக்கியம். நல்ல ஓசை, முகாம் முழுக்கக் கேட்டது. இறங்கும்போதுதான். எங்கிருந்தோ ஒரு நாய் வேலிக்குள் புகுந்து சுருட்டையின் காலுக்குக் குறுக்கே ஓடிவிட்டது. அவள் பதறியதில் கயிறு நழுவிவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது, வாயில்லாப் பிராணி. தொடை எலும்பும் மணிக்கட்டும் என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெற்றோர் வந்துவிட்டார்கள். சின்ன எலும்பு, சீக்கிரம் கூடிவிடும்.

சுருட்டை மட்டும் "கயிறு திடீர்னு லேசாயிடுச்சு, லேசாயிடுச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயந்தவள் பேச்சு. அவளைச் சுவர்ப் பக்கம் விடுவதில்லை.

இன்று மேஜையில் என் பக்கத்தில் இடம் காலி. வேறு பிள்ளைகள் வந்து உட்காரவில்லை. அதனால் தாராளமாகக் கையை நீட்டி எழுத முடிகிறது.

மாமா


மே 22, வியாழன்

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படிக்கவில்லை. செருப்போடு நிறுத்திவிட்டேன்.

மாமா, அந்த வேலிக்குள் நாய் நுழைய முடியாது. இழுத்துக் கட்டியவர் நீங்கள்.

இன்னொன்று. எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவருக்குக் கயிறும் கம்பியும்தான் வாழ்க்கை. "வெயிட்டோட கயிறு கைய விட்டு நழுவினா தோல உரிச்சுக்கிட்டுப் போகும். லேசாயிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா, கயிறு நழுவலம்மா, அந்தப் பக்கம் ஆளே கயித்துல இல்ல" என்றார்.

நான் உங்களைக் கேட்கப் போவது ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு விரல் பட்டதா?

உங்கள்
மருமகள்


ஜூன் 1, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக் கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்புவதை அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அவனுக்கு ஒடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லாமல் ஒரு காரியம் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதியது போல நானே இட்டுக்கட்டிப் படித்தேன். மேலாளர் உங்களுக்கு மாலை போட்டதாகவும், ஒரு பழுப்பு நாய் உங்கள் கட்டிலுக்கடியில் குடியேறிவிட்டதாகவும் சொன்னேன். அம்மா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா மாமா? எனக்கே பயமாக இருந்தது.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
மருமகள்


ஜூன் 3, செவ்வாய்

அன்பு மருமகளுக்கு,

உடம்பு பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை. இன்று ஞாயிறு இல்லை, சாப்பாட்டுக்கூடம் காலியாக இருக்கிறது. இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தடவை இடி இடித்தது. இரண்டாம் தடவை பாம்பு வந்தது. மூன்றாம் தடவை எழுதியதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அழுதுகொண்டிருந்தது நான் மட்டும். அதனால் அதையும் கிழித்தேன்.

விரல் படவில்லை.

அன்றைக்குக் கதை ஆற்றின் நட்டநடுவில் இருந்தது. கயிறு அறுந்துகொண்டிருக்கிறது, நாய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. நத்தையின் முறை வந்தது. பின்னால் போய் நிற்கவில்லை. சுவருக்கு முன்னால் போய் நின்று என்னைப் பார்த்தது. பூட்டைத் தொட்டேன். முடிச்சைத் தொட்டேன். மூன்றாவதற்குக் கை போகவில்லை, கை கதையில் ஆற்றின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. "சரி" என்று குரல் மட்டும் கொடுத்தேன்.

ஏறினாள். மணி அடித்தாள். இறங்கும்போது பாதிக்குக் கீழே சுவரில் ஒரு பிடியில் கால் ஊன்றி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது கயிறு தளர்ந்தது. திருகாத கொக்கி திறந்து முடிச்சு வெளியே வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. மறுபடியும் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தாள்.

நான்தான் முதலில் ஓடினேன். முடிச்சு என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டேன். அவள் பட்டையில் இருந்த கொக்கியைப் பார்த்தேன். திருகி மூடினேன். ஏன் என்று கேட்காதே. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன். மற்றவர்கள் வந்தபோது, "புள்ளயத் தூக்கறதுக்காக நான்தான் இப்பக் கயித்தக் கழட்டினேன்" என்றேன். எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

இப்போது சுருட்டை கையை விட்டதாக முடிவாகிவிட்டது. அவளுக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அடுத்த வியாழன் மேலதிகாரிகளிடமிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். குழந்தையின் பெற்றோரும் வருகிறார்கள். அதோடு அவளுக்கு இனி எந்த முகாமிலும் வேலை கிடைக்காது. அவளுக்கு இதைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது.

நான் எழுந்து சொல்லலாம். ஆனால் நான் எழுந்தாலே இங்கே எல்லாரும் சிரிக்கத் தயாராகிறார்கள். "மாமா அடுத்த கதைய ஆரம்பிச்சுட்டாரு" என்பார்கள். நீ படித்தவள். நடந்ததை நடந்தபடி எப்படிச் சொல்வது? எனக்கு அது பழக்கமில்லை.

மாமா


ஜூன் 7, சனி

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதற்கு நன்றி. கோபம் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சாப்பிடுங்கள்.

எனக்குத் தெரிந்தது என் மேஜை வேலைதான். மாட்டிக்கொண்டவர்களிடம், "இப்போ வந்துடுவாங்க" என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் கிளம்பிவிட்டார் என்றால் கிளம்பிவிட்டார், கிளம்பவில்லை என்றால் கிளம்பவில்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆனால் நம்புவார்கள்.

சுவரின் உயரத்தைக் கூட்டாதீர்கள். குறைக்கவும் வேண்டாம். எதைத் தொட்டீர்கள், எதைத் தொடவில்லை, பிறகு எதை மூடினீர்கள், அவ்வளவுதான். "நான் பாவி" என்று ஆரம்பிக்காதீர்கள் மாமா. அதுவும் ஜோடனைதான். உங்களைத் தேற்றுகிற வேலை அவர்களுக்கு வந்துவிடும், சுருட்டையை மறந்துவிடுவார்கள்.

அவர்கள் நம்பாவிட்டால் அவள் உள்ளங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கயிறு நழுவியிருந்தால் அங்கே தெரியும்.

முடிந்ததும் எழுதுங்கள்.

உங்கள்
மருமகள்


ஜூன் 15, ஞாயிறு

அன்பு மருமகளுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்தோம். மேலாளர், ஆய்வாளர், நத்தையின் அப்பா அம்மா, சுருட்டை, நான். சுருட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். "கயிறு லேசாச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு தெரியல. நான் விட்டிருக்கணும்" என்றாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

நான் எழுந்து, நீ சொன்னபடியே சொன்னேன். சுவர் ஒரு மாடி வீட்டு உயரம். விழுந்தது இரண்டு ஆள் உயரத்திலிருந்து. பூட்டைத் தொட்டேன், முடிச்சைத் தொட்டேன், திருகைத் தொடவில்லை. விழுந்த பிறகு நானே மூடினேன்.

ஆய்வாளர் மேலாளரைப் பார்த்து, "பஸ்ஸ நிறுத்தின ஆளு இவர்தானே?" என்றார். அவர் வந்த காலையிலேயே அந்தக் கதையை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன், பழக்க தோஷம். மேலாளர் என் தோளைத் தட்டினார். "மாமா, உங்க மனசு தங்கம். அந்தப் பொண்ணு மேல இருக்கற பாசத்துல பேசுறீங்க. இதுல கத வேணாம். உக்காருங்க."

என் வாழ்க்கையில் நான் நிஜத்தை மட்டும் சொல்லி யாரும் நம்பாதது அதுதான் முதல் தடவை. நாக்கு நுனியில் ஒரு நாய் வந்து நின்றது. சத்தியமாக வந்தது. அதை விட்டிருந்தால் அழுதே நம்பவைத்திருப்பேன். விடவில்லை. சொன்னதையே மறுபடியும் அதே வரிசையில் சொன்னேன். அப்புறம், "அவ உள்ளங்கையப் பாருங்க சார். அவ்வளவு கனம் நழுவியிருந்தா தோல் மிஞ்சாது" என்றேன்.

சுருட்டை கையை மேஜை மேல் வைத்தாள். ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பழைய காய்ப்புகள் இருந்தன. புதுத் தழும்பு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் நத்தையின் அம்மா வாயைத் திறந்தார். "எம் பொண்ணு முதல் நாளே சொன்னா. மாமா எப்பவும் மூணு தரம் தொடுவாரு, அன்னிக்கு ரெண்டு தரம்தான் தொட்டாருன்னு. மருந்து மயக்கத்துல ஒளறுறான்னு நெனச்சேன். 'ஏண்டி கேக்கல?'ன்னு கேட்டதுக்கு, கத நல்ல எடத்துல இருந்துச்சு, குறுக்க பேசினா மாமா பாவம்னு கேக்கலன்னா."

இதற்கு மேல் எழுதப் பேனா நகரவில்லை. கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், கணக்கு முடிக்கும் வரை சில நாள் இங்கே தங்கிக்கொள்ளலாம். இனி கயிறு உள்ள இடத்தில் என்னைச் சேர்க்கக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். அது சரி. வேறு என்ன நடவடிக்கை என்று பிறகு தெரியும். சுருட்டையை மறுபடி சுவருக்கு வரச் சொன்னார்கள். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "ஒரு மாசம் மாமா. ஒரு மாசம் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க எதுத்தாப்புல ஒக்காந்து சாப்பிட்டீங்க" என்றாள். போய்விட்டாள்.

நத்தையின் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் வாசலில், "அந்தக் கத முடியலயாமே. நாய் கரை சேந்துச்சான்னு தெனம் கேக்குறா" என்றார். "அப்படி ஒரு நாயே இல்லம்மா" என்றேன். "அத நான் போயி அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிப் பக்கமாகத்தான் பேருந்து போகிறது. போகட்டுமா?

மாமா


ஜூன் 18, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தத் தடவை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்தேன். முந்தைய கடிதங்களையும் எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன். முடித்ததும், நானே இட்டுக்கட்டிய கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "அது அப்பவே தெரியும். நீ வச்ச நாய்க்கு நெறம் இருந்துச்சு. உன் மாமன் நாய்க்கு நெறமே இருக்காது, பார்வை மட்டுந்தான் இருக்கும்" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முழங்காலைப் பற்றி இன்று ஒன்றும் சொல்லவில்லை.

போங்கள் மாமா. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அது என் மேஜைக்கு வருகிற கேள்வி இல்லை.

முடித்துக்கொண்டு நேராக இங்கே வாருங்கள். முன்னறையில் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

வக்கீலம்மா


ஜூன் 22, ஞாயிறு

அன்பு மருமகளுக்கும் அக்காவுக்கும்,

நாளை மறுநாள் பேருந்தில்தான் இடம் கிடைத்தது, அதில் புறப்படுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ, நான் இதற்கு முன்னால் வருவேனோ, தெரியாது. ஞாயிறு மத்தியானம் ஆகிவிட்டது, கை சும்மா இருக்கவில்லை. பேருந்து நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுக் கட்டில் உள்ள கூடம். நத்தை ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். காலில் கனத்த கட்டு. அதைக் கயிறு கட்டி, மேலே ஒரு கம்பியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால் நேராக வருமா என்று மருத்துவர்களே சொல்லவில்லை. கொஞ்சம் குட்டையாகலாம் என்கிறார்கள். அம்மா வாசற்படியிலேயே நின்றார், கடைசி வரை உள்ளே வரவில்லை, வெளியே போகவும் இல்லை.

"நான்தான் தொடல. தப்பு என்னோடது. சுருட்டை அக்காவோடது இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"அந்த நாயும் பொய். நான் எந்த ஆத்தையும் தாண்டல. செவத்துக்குப் பெயிண்டு அடிச்சேன், அவ்வளவுதான்."

"அதுவும் தெரியும் மாமா. கழுத்தக் கட்டிக்கிட்டு எந்த நாயாவது கயித்துல வருமா?" என்றாள். மூக்கைச் சுளித்தாள். தொங்குகிற காலைப் பார்த்தாள். அப்புறம், "இருந்தாலும், கரை சேந்துச்சா?" என்றாள்.

நான் எழுந்தேன். கட்டிலின் பக்கத் தடுப்பின் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கால் கட்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அது தொங்குகிற கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன், திருகி இருந்தது. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் அம்மாவும் பார்த்தார்.

அப்புறம் உட்கார்ந்து சொன்னேன்.

"சேந்துச்சு."

மாமா